வேலியோரக் கிழங்கு

மரவள்ளிக்கிழங்கை ஆறவிட்டு மசிக்கக்கூடாது, ஐயா. ஆறினால் இழுபடும். பிறகு எவ்வளவு முதற்பால் விட்டாலும் சோற்றோடு சேராது. இறக்கிய சூட்டோடு நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, அகப்பையின் பின்பக்கத்தால் நசிக்க வேண்டும். வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக அரிந்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து, தேங்காய்ப்பாலை விட்டு ஒரு கொதி. இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். என் தம்பி சிற்றம்பலத்துக்கு இந்த மசியல் இருந்தால் வேறு கறி வேண்டாம்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். சமையல் சொல்லவா இவளைக் கூப்பிட்டோம் என்று நினைக்கிறீர்கள். நேற்று விசாரிக்க வந்தவர் “என்ன போட்டனி, என்ன போட்டனி” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதனால்தான் சொன்னேன். சொன்னவற்றைத் தவிர அதில் நான் ஒன்றும் போடவில்லை. இஞ்சி போட்டாயோ என்றும் கேட்டார். மரவள்ளியோடு இஞ்சி ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் குசினியில் இஞ்சியே இருக்கவில்லை. பொலிஸ்காரர் தேடிப் பார்த்திருப்பார்கள்.

என் பெயர் கமலாசனி. பிறந்த ஊர் வரணி. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த சம்பந்தங்களை அவனுக்காகத் தட்டிக்கழித்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை, பாதி உண்மை. முரசுமோட்டைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் அவனுக்குக் காணி கிடைத்தபோது, சமைத்துப்போட ஆள் வேண்டுமே என்று நானும் கூட வந்தேன். எங்கள் வீடு வாய்க்கால் கரையில் கடைசி வீடு. அதற்கப்பால் காடு. வண்டிக்காரர் வீரகத்தியரின் வீடுதான் அண்டை வீடு. கூப்பிட்டால் கேட்காத தூரம்.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது தம்பி ஒரு செத்தவீட்டுக்காக வரணிக்குப் போயிருந்தான். பாதை அறுந்துபோய் அவனால் திரும்பி வர முடியவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நான் நெல்மூட்டைகளின் மேல் ஏறி இருந்தேன். பகல்தான். ஆனால் வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. அப்போது யாரோ சுவரைத் தட்டினார்கள். “ஆர்?” என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டல். தொண்டை கட்டும் வரை “ஆர், ஆர்” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், வீரகத்தியரின் நாம்பன் மாடு செத்து ஊதி, வீட்டுச் சுவரோடு ஒதுங்கிக் கிடந்தது. அலை தள்ளத் தள்ள அதன் தலை சுவரில் இடித்திருக்கிறது.

மாட்டைப் புதைத்தார்கள். தட்டல் நிற்கவில்லை. தம்பி வயலுக்குப் போய், வெயில் உச்சிக்கு ஏறி, காட்டில் மரம் தறிக்கிற சத்தமும் ஓய்ந்து, காற்றும் நிற்கிற ஒரு நேரம் உண்டு. இரவுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அந்த மத்தியானம்தான். சுவருக்கு அப்பால் மெதுவாக ஒரு இடி. பிறகு இன்னொன்று. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வேன். தம்பியிடம் சொன்னேன். “மாடு செத்து எவ்வளவு காலம், அக்கா” என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினான். அவன் வந்தால் சத்தம் கேட்காது. நல்ல பிள்ளை.

இனிக் கிழங்கு. எங்கள் வளவில் இரண்டு வகை மரவள்ளி நின்றது. கிணற்றடியில் நின்றது நல்ல கிழங்கு. வேலியோரத்தில் நின்றது கசப்பு. பன்றி வராமல் இருக்க அதை வேலியோடு நடுவார்கள். காட்டுப்பன்றி ஒருமுறை மோந்து பார்த்தால் பிறகு தொடாது. மனிதர் அதைச் சாப்பிடுவதென்றால் கசப்புப் போக்க ஒரு முறை இருக்கிறது. அங்கே எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் தடவை நடந்தது தற்செயல் என்று நீங்கள் எழுதலாம். அது சத்தியம். அந்த முறை பன்றிகள் படலையை முறித்துக்கொண்டு வந்து கிணற்றடிக் கிழங்கை எல்லாம் கிளறிவிட்டன. தம்பி அடுத்த நாள் மாங்குளத்துக்குப் பெண் பார்க்கப் போக இருந்தான். நான் வேலியோரத்தில் கிண்டிச் சமைத்தேன். மனம் வேறெங்கோ இருந்தது. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யவில்லை. பொழுதுபடுவதற்குள் அவனுக்குத் தலைசுற்று, பிறகு வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி. எனக்கும் கொஞ்சம். பயணம் நின்றுபோனது. சுகமில்லாத மாப்பிள்ளைக்காக யார் காத்திருப்பார்கள், அந்தச் சம்பந்தமும் தவறிப்போனது. அந்தக் கிழமை முழுவதும் அவன் பாயில் கிடந்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் மாதிரி நித்திரை கொண்டான். அந்தக் கிழமை மத்தியானங்களில் சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன்.

யோசித்தது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆளுக்கு மருந்து எது, நோய் எது என்று யார் பிரித்துச் சொல்வது. அதன் பிறகு அவன் தூர இடம் போக வெளிக்கிட்ட வேளைகளில், எல்லா வேளையும் இல்லை, சில வேளைகளில் மட்டும், நான் வேலியோரத்துக்குப் போனேன். ஒருமுறை அப்போதிக்கரி ஐயா வந்து நாடி பார்த்து, இஞ்சி சேர்த்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பொய் சொல்ல வேண்டி வரவே இல்லை.

இருந்தும் கலியாணம் நடந்தது. இந்த முறை பெண் வீட்டார்தான் தேடி வந்தார்கள். இரஞ்சிதம் வீரகத்தியரின் பெண்சாதிக்குச் சொந்தம், சாவகச்சேரிப் பிள்ளை. நல்ல பிள்ளை என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். வந்த புதிதில் என் பின்னாலேயே திரிவாள். “மச்சாள், இந்தக் காட்டுக்கை எப்பிடி இவ்வளவு காலம் இருந்தனீங்கள்? எனக்குப் பயமாக் கிடக்கு” என்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. வீட்டில் இரண்டு பேர் ஆனார்கள். மத்தியானத்தில் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும்.

அவள் கர்ப்பமானாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். போனால் எவ்வளவு காலம் கழித்து வருவாள் என்று தெரியாது. தம்பியும் பின்னால் போவான். பெட்டி கட்டிய அன்று நான் மசியல் வைத்தேன். கொஞ்சம்தான் கொடுத்தேன். பயணத்தைத் தள்ளிப்போடுகிற அளவுதான் நினைத்தது. அந்த முறை பிள்ளை தங்கவில்லை. முதற்பிள்ளை தங்காமல் போவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அதையும் இதையும் நீங்கள் முடிச்சுப்போடக்கூடாது. நான் போடவில்லை. அவளுக்கு நல்லெண்ணெய் தடவி, சரக்கு அரைத்துக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்தேன். அவளுடைய தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

அடுத்த முறை அவள் தாய்வீட்டுக்குப் போகிற கதையே எடுக்கவில்லை. வீரகத்தியரின் பெண்சாதி வந்து நின்று, எங்கள் வீட்டிலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தக் காலம் எனக்குச் சந்தோசமான காலம். நான் வேலியோரத்துப் பக்கமே போகவில்லை.

பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு ஒருநாள் இரஞ்சிதம் கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“மச்சாள், நாங்கள் எங்கையும் வெளிக்கிடுற நேரமாப் பாத்துத்தான் இந்த வீட்டிலை ஆருக்காவது சத்தியும் வருத்தமும் வருது. கவனிச்சனீங்களோ?”

“பயணம் எண்டால் மனம் பதறும், பிள்ளை. மனம் பதறினால் வயிறும் பதறும்” என்றேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய கண் மாறிவிட்டது. நான் சமைத்தால் குசினி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுக் கிணற்றுக்குக்கூடப் போகமாட்டாள். சாப்பிடும்போது என் வாயைப் பார்ப்பாள். நான் விழுங்கிய பிறகு அவள் விழுங்குவாள். இதைக் கேட்டால் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஐயா, ஆனால் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதுவரை அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் தம்பிக்கு முன்னாலேயே அவள் தன் சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

“முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ, மச்சாள்.”

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. “என்ன கதை இது? அக்காவைப் பாத்து என்ன கதைக்கிறாய்?”

அவளுடைய கோப்பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன், கடைசி வரை வழித்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு அது கிணற்றடிக் கிழங்கு. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுதுபடும்வரை பார்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை என்று கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. நான்தான் சமாதானம் செய்து வைத்தேன். காடு ஆட்களை இப்படித்தான் ஆக்கும், அவளை ஏசாதே என்று சொன்னேன்.

அவள் கெட்டிக்காரி. என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் வேறு வழியால் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, பக்கத்தில் வைத்தியர் இல்லை, சாவகச்சேரியில் தன் தகப்பன், அப்புவின் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியின் மனதைக் கரைத்தாள். ஒருநாள் வயலால் வந்தவன் என் பக்கத்தில் குந்தினான்.

“அக்கா, நாங்கள் சாவகச்சேரிக்குப் போகலாம் எண்டு யோசிக்கிறம். காணியை வீரகத்தியர் பாப்பார். நீங்களும் வாங்கோ. உங்களை விட்டிட்டுப் போவனோ?”

நீங்களும் என்றான். அந்த ‘உம்’ என் காதில் நின்றுவிட்டது. இத்தனை வருசம் அந்த வீட்டில் நான் ‘உம்’ ஆக இருந்ததில்லை. வீடு என்றால் நானும் அவனும்தான், மற்றவர்கள்தான் ‘உம்’. சாவகச்சேரியில் அவளுடைய தாய் இருக்கிறாள், சகோதரிகள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு அறை கிடைக்கும். அந்த அறைக்கும் ஒரு சுவர் இருக்கும். அந்தச் சுவருக்கு அப்பாலும் மத்தியானம் வரும்.

“பாப்பம், தம்பி” என்றேன்.

போகிற நாள் வந்தது. வீரகத்தியர் பின்னேரம் வண்டியோடு வருவதாக ஒழுங்கு. சாமான்கள் எல்லாம் கட்டி விறாந்தையில் அடுக்கியிருந்தன. அலுமாரி வெறுமையாகத் திறந்து கிடந்தது. என்னுடைய பெட்டியும் அங்கே இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. காலையிலேயே நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரத்துக்குப் போனேன். இரஞ்சிதம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று கோப்பை வைத்தேன். இரஞ்சிதம் தன் கோப்பையைத் தொடவில்லை.

“எனக்கு வேண்டாம். வயிறு சரியில்லை.”

“அக்கா விடிய எழும்பிச் செய்திருக்கிறா. ஒரு வாய் எண்டாலும் சாப்பிடு” என்றான் தம்பி.

அவள் தலையை ஆட்டினாள். அவனுடைய கையைப் பிடித்து, மிகவும் மெதுவாக, “நீங்களும் சாப்பிடாதேங்கோ” என்றாள். எனக்குக் கேட்டது.

அவன் என்னைப் பார்த்தான். நான் என் கோப்பையைத் தொடாமல் கதவடியில் நின்றேன். என் முகம் வாடியது அவனுக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதிலேயே அப்படித்தான். அவளுடைய கையைத் தட்டிவிட்டுத் தன் கோப்பையைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு அவளுடைய கோப்பையையும் இழுத்து எடுத்தான்.

“இங்கை குடு. அக்கா மனவருத்தப்படப் போறா.”

இங்கேதான் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு கோப்பைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பழகிய அளவு. இரண்டு கோப்பைக்கு என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், சொல்லத்தான் திறந்தேன். அப்போது அவன், “கொஞ்சம் கசக்குது, அக்கா” என்றான்.

“மழை காணாத கிழங்கு, தம்பி. புளி விடட்டோ?” என்று கேட்டேன்.

“ஓம், விடுங்கோ” என்றான்.

தேசிக்காயை வெட்டி, கோப்பைக்கு மேல் பிடித்து நானே பிழிந்தேன். அவன் சாப்பிட்டான். விறாந்தையில் கட்டிவைத்த சாமான்கள் தெரிந்தன. சுவருக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவின் கேள்விக்கு நேரான பதில் அதுதான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்யவில்லை. அவனை நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

நினைத்ததைவிடக் கெதியாக அவனுக்குத் தலைசுற்று வந்துவிட்டது. வீரகத்தியர் வந்தபோது தம்பி விறாந்தையில் சாய்ந்து கிடந்தான். மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. சாமான் ஏற்ற வந்த வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். இரஞ்சிதம் அழவில்லை. குசினிக்குள் ஓடிப்போய் மசியல் சட்டியை எடுத்து, பிள்ளையின் துணியால் வாய்கட்டி, ஒரு கையில் அதையும் மறுகையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

“என்னைத் தொடாதேங்கோ” என்றாள். வழி முழுவதும் சட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. அந்தச் சட்டிதான் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

தம்பியின் தலை என் மடியில் இருந்தது. வீரகத்தியர் மாட்டை விரட்டினார். பரந்தனுக்கு இன்னும் தூரம் இருந்தது. அவன் ஒருமுறை கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்தேன்.

“அக்கா, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. பாருங்கள், அந்த நிலையிலும் என் பசியைத்தான் நினைத்தான். இரஞ்சிதம் அதைக் கேட்டதும் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்துக்கொண்டு, வண்டியின் அந்தப் பக்கமாக எவ்வளவு ஒதுங்கமுடியுமோ அவ்வளவு ஒதுங்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. பரந்தன் சந்திக்கு வருமுன்னமே அவன் கை குளிர்ந்துவிட்டது. நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில்தான் என் விரல்களைப் பிரித்தார்கள்.

அவள் பிள்ளையோடு சாவகச்சேரிக்குப் போய்விட்டாள் என்று சொன்னீர்கள். நல்லது. தம்பியை வரணியில்தான் எரித்தார்களாம். என்னை ஏன் கொண்டுபோகவில்லை என்று நான் கேட்கவில்லை.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஐயா. எழுதுங்கள். இந்த மறியல் வீட்டில் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். பூட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு ஆறிவிடும், உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான் இருப்பார்கள். என்னோடு இருப்பவள் சூசையம்மா, முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். வலைத் தகராறில் ஒருவனைத் துடுப்பால் அடித்துவிட்டு வந்தவள். வாய் ஓயாது. மத்தியானத்தில் செபமாலை உருட்டிக்கொண்டு முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பில் எனக்குக் கண்ணயர்ந்துவிடும். நான் திடுக்கிட்டு எழும்பினால் “என்னணை, நான் இருக்கிறன்தானே” என்று கையைப் பிடிப்பாள். இவ்வளவு நல்ல நித்திரை எனக்கு வந்து வருசக்கணக்கு.

அவளுக்கு அடுத்த கிழமை விடுதலையாம். தமையன் வந்து கூட்டிக்கொண்டு போவானாம். நேற்றுச் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்க வருவேன் என்றும் சொன்னாள்.

இங்குள்ள குசினியில் கிழங்கு உரிக்க ஆள் வேண்டும் என்று காலையில் வந்து கேட்டார்கள். நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.